பொதுச் சமையலறைக்கு முன்னால் கிராண்டு

கேள்வி: நாங்கள் நான்கு தோழிகள், எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். பினாங்கில் பாலிக் பூலாவ் பக்கம் நிலம் வாங்கி, ஆளுக்கொரு சின்ன வீடும் நடுவில் பொதுச் சமையலறையும் கட்டி, காய்கறி போட்டு வாழ ஆசை. "இது முதியோர் இல்லம்தானே அம்மா" என்கிறார்கள் பிள்ளைகள். சரிப்பட்டு வருமா?
- வாசகி, ஜெலுத்தோங்

பதில்: வரும், சகோதரி. முதியோர் இல்லத்தில் எத்தனை மணிக்குச் சாப்பாடு என்பதை வேறு யாரோ முடிவு செய்வார்கள். உங்கள் இடத்தில் நீங்கள் நால்வரும் முடிவு செய்வீர்கள். பிள்ளைகளிடம் இதையே சொல்லுங்கள்.

டென்மார்க்கில் செட்டெடாமென் என்ற இடத்தில் 27 வீடுகளோடு 1972-இல் இப்படி ஒரு குடியிருப்பு எழுந்தது. கோஹவுசிங் என்று இப்போது உலகம் முழுக்கப் பேசப்படுவது அங்கே வேர்விட்டதுதான். முறை வைத்துச் சமைத்துச் சேர்ந்து சாப்பிடப் பொதுக்கூடம் இருக்கும். ஆனாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி அடுப்பு உண்டு. நீங்களும் தனி அடுப்பை விட்டுவிடாதீர்கள். மனஸ்தாபம் வந்த நாளில் தனியாக ரசம் வைத்துக் குடிக்கவாவது அது வேண்டும்.

நான் பிறந்தது கெடாவில், ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். குழாயடி பொது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை பொது, மாரியம்மன் திருவிழா பொது. பக்கத்து வீட்டில் மீன் குழம்பு கொதித்தால் என் தட்டுக்கும் ஒரு துண்டு வரும். ஆனால் அந்த வீடு ஒரு நாளும் எங்களுடையதாக இருந்ததில்லை. தோட்டத்தைத் துண்டாடி விற்றபோது, வீட்டைக் காலி செய்யச் சொல்லி அப்பா கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள். ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்த குடும்பங்கள் ஆளுக்கொரு திசையில் போயின. அந்தத் துண்டாடலைப் பார்த்துத்தான் அன்று அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டாளிகளின் பங்குப் பணத்தில் சங்கம் முதலில் வாங்கியது எங்கள் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம். அப்பா அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதனால்தான் சமையலறைப் படத்தை வரைவதற்கு முன் கிராண்டை, அதாவது நிலப் பட்டாவை, பாருங்கள் என்கிறேன். விவசாய நிலம் என்று அதில் இருந்தால், வீடு கட்டும் நிலமாக மாற்ற மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். நால்வர் பெயரிலும் நிலம் இருந்து ஒருவர் காலமானால், அவர் பங்கு மற்ற மூவருக்கு வராது, வாரிசுக்குப் போகும். அந்தப் பிள்ளை விற்க நினைத்தால் யாருக்கு முதல் உரிமை, விலையை எப்படிப் போடுவது? வழக்கறிஞரை வைத்து இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். பழைய தோழிகளுக்குள் இதைப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கும். பேசிவிடுங்கள், அம்மா.

படிக்கட்டு வேண்டாம், குளியலறையில் கைப்பிடி வேண்டும். நிலத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் நால்வரும் ஒரு வாடகை வீட்டில் மூன்று மாதம் சேர்ந்து இருந்து பாருங்கள்.

கேள்வி: கைப்பிடி மண்கூட இல்லாத அடுக்குமாடிக்காரர்கள் என்ன செய்வது?
- வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: எங்கள் புளோக்கில் ஆறு வீட்டுச் சமையல் கழிவை இரண்டு டிரம்மில் உரமாக்குகிறோம். முதல் மாதம் இறால் தோலைப் போட்டு, நாற்றம் மூன்றாம் மாடிவரை ஏறியது. கீழ்வீட்டுச் சீன அக்கா புகார் சொல்ல வந்தார்; மறுநாள் அவரே ஒரு மூட்டை காய்ந்த இலையோடு வந்தார். கழிவு ஒரு பங்கு என்றால் காய்ந்த இலை இரண்டு பங்கு, மீனும் இறாலும் கூடாது. அதற்குப் பிறகு வாடை இல்லை. இப்போது அந்த உரத்தில் தொட்டியில் வளர்வதால், கறிவேப்பிலை, பண்டான், செராய் மூன்றும் ஆறு வீட்டிலும் கடையில் வாங்குவதில்லை.

கார் நிறுத்துமிடத்து ஓரம் பொதுச் சொத்து, கேட்காமல் தொட்டி வைக்காதீர்கள். அடுக்குமாடி நிர்வாகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் வைத்துக் கேளுங்கள். 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி, பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருப்பவருக்கு அங்கே ஓட்டு இல்லை. நாங்கள் ஆறு வீடும் பாக்கியைக் கட்டிவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தோம். ஓரம் கிடைத்தது.