ஆடிவிட்டு வந்தால் வயிற்று வலி: ஸ்கேன் சொல்லாத இரண்டு விஷயங்கள்

கேள்வி: என் மகனுக்கு 12 வயது, எடை 36 கிலோ. பள்ளியில் மாலை மூன்றரை மணிக்குக் கால்பந்துப் பயிற்சி. ஒரு மாதத்தில் மூன்று தடவை, முகமெல்லாம் சிவந்து வீட்டுக்கு வந்து, தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்று சுருண்டு படுத்துவிட்டான். ஒரு தடவை வாந்தியும் எடுத்தான். இரவுக்குள் சரியாகிவிடுகிறது. பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஸ்கேனில் ‘வயிற்றில் சிறு நெறிக்கட்டிகள், 6 மி.மீ.’ என்று வந்திருக்கிறது. பிரைமரி காம்ப்ளெக்ஸாக இருக்கலாம், ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும் என்கிறார்கள். மாமியார் குடலேற்றம் என்கிறார். என்ன செய்வது? விளையாட்டை நிறுத்திவிடவா?
— ஒரு தாய், விருதுநகர்

பதில்: விளையாட்டை நிறுத்த வேண்டாம். ஆறு மாதக் காசநோய் மாத்திரையை இந்த ஒரு ஸ்கேன் தாளை வைத்து ஆரம்பிக்கவும் வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கு முக்கியமாகப் படுவது 6 மி.மீ. அல்ல, ‘இரவுக்குள் சரியாகிவிடுகிறது’ என்ற வரிதான்.

சூட்டு வலி என்று பாட்டிமார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பையன் ஓடும்போது தசைகள் கூடுதல் ரத்தம் கேட்கின்றன. வெயிலில் ஓடினால் உடம்பைக் குளிரவைக்கத் தோலும் கேட்கிறது. இருக்கிற ரத்தம் அவ்வளவுதான், எனவே உடம்பு குடலின் பங்கில் கை வைக்கிறது. கடுமையாக ஓடும்போது குடலுக்குப் போகும் ரத்தம் வழக்கத்தில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். வியர்த்து உடம்பில் தண்ணீரும் வற்றியிருந்தால் இன்னும் குறையும். மதியம் சாப்பிட்ட சோறு வேறு அங்கே பாதி செரித்த நிலையில் நிற்கிறது. குடல் இழுத்துப் பிடிக்கிறது, குமட்டுகிறது. ஓட்டம் நின்று, உடம்பு குளிர்ந்து, தண்ணீர் உள்ளே போனால் ரத்தம் திரும்பி வருகிறது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் வலி அடங்குகிறது. மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு எடுக்கும் ஸ்கேனில் இதில் எதுவும் தெரியப்போவதில்லை. ஸ்கேன் கருவி பழுதில்லை, அது பார்க்க வேண்டிய நேரம்தான் போய்விட்டது.

வலியோடு வந்து படுத்தவுடன் செய்ய வேண்டியது சாதாரண வேலைதான், ஆனால் வரிசை மாறக் கூடாது. முதலில் குளிர்விப்பது. ஷூ, சாக்ஸ், ஜெர்சியைக் கழற்றுங்கள். ஈரத்துண்டைக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைத்து ஃபேனைப் போடுங்கள். முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுக்கவிட்டால் வயிறு இளகும். அப்புறம்தான் தண்ணீர், அதுவும் மடமடவென்று இல்லை. ஒரு லிட்டர் பாட்டிலை ஒரே மூச்சில் கவிழ்த்துவிட்டுத்தான் பல பிள்ளைகள் வாந்தியே எடுக்கிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கால் டம்ளர், அதாவது 50 மில்லி. அரை மணி நேரம் வாந்தி இல்லாமல் நின்றால் அளவைக் கூட்டலாம். ஒரு மணி நேரம் கழித்து உப்புப் போட்ட நீர்மோரோ கஞ்சியோ கொடுங்கள். ஐஸ் போட்ட சர்பத், ரோஸ்மில்க், ‘ஏப்பம் வந்தால் சரியாகும்’ என்று சோடா, இவையெல்லாம் அந்த நேரத்துக்கு வேண்டாம். சர்க்கரை அதிகமானால் இரைப்பை காலியாவது தாமதமாகும்.

இங்கேதான் கடைக்காரர்கள் நுழைகிறார்கள். வாந்தியும் வலியுமாக, வியர்த்துக் கொட்டி வந்த பிள்ளைக்கு ஓ.ஆர்.எஸ். நல்லதுதான். ஆனால் உலக சுகாதார நிறுவன அளவில் தயாரான பொடிதான் ஓ.ஆர்.எஸ். 20.5 கிராம் பாக்கெட், ஒரு லிட்டர் தண்ணீருக்கு. அதில் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், மீதி பொட்டாசியமும் சிட்ரேட்டும். பழச்சாறு படம் போட்ட அட்டை டப்பாக்களில் அதே மூன்று எழுத்தைப் பெரிதாக அச்சடித்து, பல மடங்கு சர்க்கரையை உள்ளே வைத்து வருடக்கணக்கில் விற்றார்கள். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் ஒருவர் எட்டு ஆண்டுகளாகப் போராடிய பிறகு, 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று முடிவாகச் சொன்னது. ஒரு லேபிளைத் திருத்த எட்டு வருடம்! பெயர் மாறியிருக்கலாம், டப்பா இன்னும் அதே அலமாரியில்தான் இருக்கும். கடையில் ‘டபிள்யூ.எச்.ஓ. ஃபார்முலா பொடி’ என்று கேட்டு வாங்குங்கள்.

பொடியை வாங்கிவிட்டும் தப்பு செய்கிறார்கள். லிட்டர் பாக்கெட்டில் கொஞ்சம் ஒரு டம்ளரில் போட்டுக் கலக்கி, மீதியை மடித்து வைப்பது அதில் ஒன்று. உப்பின் அளவு தாறுமாறாகி, வாந்தி கூடும். முழுப் பாக்கெட், முழு லிட்டர், 24 மணி நேரத்துக்கு மேல் ஆனதைக் கொட்டிவிடுங்கள். பாக்கெட் இல்லாத இரவில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. தேக்கரண்டி என்றால் 5 மில்லி கரண்டி, குழம்புக் கரண்டி இல்லை. டப்பாவில் விற்கும் குளுக்கோஸ் பவுடர் பெரும்பாலும் வெறும் சர்க்கரை. இளநீரில் பொட்டாசியம் உண்டு, வியர்வையில் போன சோடியம் குறைவு.

அந்த டிரிப் விஷயம். வாயால் குடித்து நிற்கிற பிள்ளைக்கு நரம்பில் ஊசி தேவையில்லை. அரை லிட்டர் பாட்டிலில் ஏறுவதை ஒன்றிரண்டு மணி நேரத்தில் அவனே குடித்துவிடுவான். ‘குளுக்கோஸ் ஏற்றினதும் தெம்பு வந்துவிட்டது’ என்று நினைக்கிறோம். உண்மையில் ஃபேனுக்கடியில் இரண்டு மணி நேரம் படுத்திருந்ததால் வந்த தெம்பு அது.

டிரிப்பைவிட எனக்குப் பயம் மெடிக்கல் ஷாப் மாத்திரைதான். வயிற்று வலி என்றால் டைசைக்ளோமினும் மெஃபெனமிக் ஆசிடும் சேர்ந்த மாத்திரையைச் சீட்டில்லாமல் எடுத்துக் கொடுக்கிறார்கள். டைசைக்ளோமின் வியர்வையைக் குறைக்கும். சூடேறிய உடம்பில் வியர்வையை நிறுத்துவது, கொதிக்கிற பாத்திரத்தை மூடி வைப்பது போல. மெஃபெனமிக் ஆசிட், இபுப்ரோஃபென் இரண்டும் தண்ணீர் வற்றிய சிறுநீரகத்தைப் பாதிக்கும். வலிக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால், உடம்பு குளிர்ந்து, நீர் உள்ளே போன பிறகு, இந்த எடைக்குப் பாராசிட்டமால் 500 மி.கி. ஒன்று. வெயிலால் ஏறிய சூட்டை அது இறக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் நான் விட்டுவிட முடியாத ஒன்று. மகனின் விதைப்பையைப் பார்த்தீர்களா? டாக்டர் பார்த்தாரா? பெரும்பாலும் இருவருமே பார்த்திருக்க மாட்டீர்கள். 12 வயதுப் பையன் அம்மாவிடம் ‘அங்கே வலிக்குது’ என்று சொல்ல மாட்டான். ‘வயிறு வலிக்குது’ என்பான். பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். விதைக்கு வரும் நரம்பு வயிற்றிலிருந்துதான் இறங்குகிறது, அதனால் வலி உண்மையிலேயே அடிவயிற்றில் தெரியும், வாந்தியும் வரும்.

விதை தன் ரத்தக்குழாயோடு சேர்ந்து திருகிக்கொள்வது விதை முறுக்கு, டாக்டர்கள் மொழியில் டார்ஷன். பருவமடையும் வயதுப் பையன்களுக்கு அதிகம். ஓடியாடிய பிறகும் வரும், தூக்கத்திலும் வரும். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்து திருகலைப் பிரித்தால் விதை பெரும்பாலும் பிழைக்கும். ஒரு நாள் தாண்டினால் பெரும்பாலும் எடுத்துவிடத்தான் வேண்டியிருக்கும். சில பையன்களுக்குத் திருகிக்கொண்டு, தானே பிரிந்துவிடும். திடீரென்று வலி, ஒரு மணி நேரத்தில் ஒன்றுமில்லை. உங்கள் மகனின் கதையோடு இது ஒத்துப்போகிறது என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். ‘முழு வயிறு ஸ்கேன்’ என்று எழுதிக் கொடுத்தால் விதைப்பையைப் பார்க்க மாட்டார்கள். தாளில் நார்மல் என்று வரும்.

ஆகவே அடுத்த முறை வலி வரும்போதே அப்பாவோ மாமாவோ அவனைத் தனியே கூட்டிப்போய்க் கேட்கட்டும், பார்க்கட்டும். ஒரு விதை மேலே ஏறி நிற்கிறதா, குறுக்காகக் கிடக்கிறதா, வீங்கிச் சிவந்திருக்கிறதா, தொட்டால் துடிக்கிறானா? ஒன்று இருந்தாலும் தண்ணீர்கூடக் கொடுக்காமல், 108-ஐ அழைத்தோ ஆட்டோவிலோ, அறுவை அரங்கு உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே ‘வயிற்று வலி’ என்று சொல்லி வரிசையில் நிற்காதீர்கள். ‘விதை வலி, இத்தனை மணிக்கு ஆரம்பித்தது, டார்ஷனா என்று சர்ஜன் பார்க்க வேண்டும்’ என்று முதல் ஆளிடமே சொல்லுங்கள். ‘இன்ஃபெக்ஷன், ஐந்து நாள் மாத்திரை’ என்று யாராவது அனுப்பினால் போகாதீர்கள். ‘டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) எடுக்கிறவர் காலையில்தான் வருவார்’ என்பது இன்னொரு பதில். விதைக்குக் காலை வரை நேரம் கிடையாது. சந்தேகம் பலமாக இருந்தால் ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் திறந்து பார்ப்பதுதான் முறை. முறுக்கு உறுதியானால் மறுபக்க விதையையும் அப்போதே தைத்து நிலைநிறுத்துவார்கள், அது தவறில்லை.

நெறிக்கட்டிக்கு வருவோம். குடலை ஒட்டிய நிணநீர்க் கட்டிகள் எல்லாக் குழந்தைக்கும் உண்டு. குறுக்களவு 8 மி.மீ. வரை இருப்பது ஆரோக்கியமான பிள்ளைகளிடமும் சகஜம். 6 மி.மீ. என்பது நோயின் பெயரல்ல, ஒரு அளவு. ஆனால் நம் மாநிலத்தில் ‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’ என்ற சொல் பசியில்லாத பிள்ளை, இருமுகிற பிள்ளை, எடை ஏறாத பிள்ளை எல்லோருக்கும் போடுகிற முத்திரையாகிவிட்டது. அது காசநோய், அதற்குரிய நிரூபணம் வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், எடை இறக்கம், வயிறு உப்பல், வீட்டில் காசநோயாளி, இவற்றில் ஏதாவது இருந்தால் கண்டிப்பாகப் பரிசோதியுங்கள். கையில் போடும் மாண்டூ ஊசி தடித்தால் கிருமி உள்ளே வந்திருக்கிறது என்று அர்த்தம், நோய் வந்துவிட்டது என்றல்ல. மருந்து எழுதுகிறவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்தப் பரிசோதனையை வைத்து முடிவு செய்தீர்கள், நிக்‌ஷய் பதிவு எண் (அரசின் காசநோய்ப் பதிவுத் தளத்தில் தரும் எண்) என்ன? ஒவ்வொரு காசநோயாளியையும் அரசிடம் தெரிவிப்பது 2012 முதல் தனியார் டாக்டருக்கும் கட்டாயம். மருந்தும் அரசில் இலவசம். மாத்திரையை எழுதிவிட்டுப் பதியத் தயங்கினால், நோயின் மேல் அவருக்கே நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். விளக்கெண்ணெய் தொட்டு இதமாகத் தடவட்டும். குடல் தட்டுவது, தூக்கி உதறுவது, தொக்கம் எடுப்பது மட்டும் வேண்டாம். உள்ளே குடல்வால் வீங்கியிருந்தால் அது விபரீதமாகும்.

காத்திருக்கக் கூடாதவை: வலி தொப்புளிலிருந்து வலது கீழ்ப்பக்கம் நகர்வது, பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், கோலா நிறச் சிறுநீர், நான்கு மணி நேரம் கழித்தும் குறையாத வலி. தாகமும் அடிக்கடி சிறுநீரும் கூடியிருந்தால் விரல் நுனியில் ஒரு சர்க்கரைப் பரிசோதனை. உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறினால் அது வயிற்று வலிக் கணக்கில்லை, வெப்பவாதம். வண்டி வருவதற்குள் தலையைத் தூக்கிப் பிடித்துத் தொட்டித் தண்ணீரில் இறக்குங்கள், அல்லது குடம் குடமாக ஊற்றுங்கள்.

இனி பயிற்சி. முழுச் சாப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் இடையே இரண்டரை மணி நேரமாவது வேண்டும். விடுமுறைக்குப் பின் வெயிலுக்குப் பழக உடம்புக்கு 10 முதல் 14 நாள் பிடிக்கும். முதல் நாளே முழு ஆட்டம் ஆடவைக்கும் கோச்சிடம் இதைச் சொல்லுங்கள். ஆட்டத்தின் நடுவே 20 நிமிடத்துக்கு ஒரு முறை 100 முதல் 250 மில்லி தண்ணீர். போதுமா என்று தெரிய, ஒரு நாள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் வியர்வையைத் துடைத்துவிட்டு, ஒரே மாதிரி லேசான உடையில் எடை பாருங்கள். 700 கிராமுக்கு மேல் குறைந்தால் குடித்தது போதவில்லை. மூன்றரை மணி விருதுநகர் வெயிலுக்கு ஐந்து மணி எவ்வளவோ தேவலை. பி.டி. மாஸ்டரால் நேரத்தை மாற்ற முடியாதென்றால் தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது எந்தப் பள்ளியிலும் பதிவாவதில்லை.

கடைசியாக மகனிடம் ஒன்று கேளுங்கள்: பள்ளியில் கழிப்பறை போகிறானா? கேரளத்தில் 2019-இல் தொடங்கிய ‘வாட்டர் பெல்’ இங்கும் வந்துவிட்டது, தண்ணீர் குடிக்கச் சொல்லி மணி அடிக்கிறார்கள். கழிப்பறை நாறினால் பிள்ளை தண்ணீர் பாட்டிலைத் திறக்க மாட்டான். காலையில் நிரப்பிய பாட்டில் மூன்றரை மணிக்கு எந்த மட்டத்தில் இருக்கிறது என்று ஒரு வாரம் பாருங்கள்.