வளர்ந்துவிடுவாள் என்று வாங்கும் குதிரை

அன்புள்ள அக்கா,

நாங்கள் இங்கிலாந்தில், ஹாம்ப்ஷயரின் நியூ ஃபாரஸ்ட் பக்கம் இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது. வாரம் ஒருநாள் குதிரைச் சவாரி கற்றுக்கொள்கிறாள். குதிரை நடக்கிறவரை சிரித்துக்கொண்டிருப்பாள், 'ட்ராட்' (குலுங்கும் சிற்றோட்டம்) என்றதும் முகம் வெளுத்துவிடும். போன மாதம் அவள் ஏறியிருந்த போனி (குட்டையான இனத்துக் குதிரை) புல் மேயத் தலையைச் சட்டென்று குனிந்தது. இவள் அதன் கழுத்து வழியாகச் சறுக்கி விழுந்துவிட்டாள். அடி ஒன்றும் இல்லை. ஆனால் அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் வயிறு வலிக்கிறது என்கிறாள். நிறுத்திவிடலாமா என்று கேட்டால் அதற்கும் அழுகிறாள்.

சொந்தமாக ஒரு போனி இருந்தால் பழகிப் பயம் போய்விடும் என்கிறார் கணவர். ஐந்து வயது, 13.2 ஹேண்ட் உயரத்தில் அழகான ஒன்றைப் பார்த்தும் வைத்துவிட்டார். இரண்டு வருடத்தில் வளர்ந்துவிடுவாள், சின்னதாக வாங்கினால் மறுபடி மாற்ற வேண்டும் என்பது அவர் கணக்கு. வாங்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வேண்டாம். கணவரிடம் இதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

பள்ளிச் சீருடையைப் பெரிதாகத் தைத்து, ஓரத்தை மடித்துவிட்டு, பிள்ளை வளர வளரப் பிரித்துவிடுகிற வழக்கம் நமக்கு உண்டு. தொளதொள சட்டை யாரையும் கீழே தள்ளாது. குதிரை தள்ளும். இன்று வயிறு வலிக்கிறது என்று சொல்கிற பிள்ளைக்குத்தான் போனி பார்க்க வேண்டும், பதினொரு வயதில் அவள் எப்படி இருப்பாள் என்பதற்கு அல்ல. இரண்டு வருடம் கழித்து மாற்ற வேண்டி வந்தால் மாற்றுங்கள். அங்கே எல்லாக் குடும்பமும் அப்படித்தான் செய்கிறது. நல்ல குழந்தைப் போனி ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

பயந்த பிள்ளை குதிரைமேல் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். காலை இறுக்கிக்கொள்ளும், கடிவாள வாரைப் பிடித்து இழுக்கும், மூச்சை அடக்கும். காலை இறுக்கினால் 'போ' என்று அர்த்தம், வாரை இழுத்தால் 'நில்'. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கிற ஐந்து வயதுக் குதிரை குழம்பிப்போய் ஓடத்தான் செய்யும். பதினெட்டு வயதுப் போனி இப்படி எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கும், காதில் போட்டுக்கொள்ளாமல் நடக்கும்.

பயம் தொற்றும் என்பதற்கு 2009இல் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வு இருக்கிறது. ஒரே பாதையில் சிலர் குதிரைமேல் ஏறியும் சிலர் கையில் பிடித்துக்கொண்டும் நான்கு முறை போனார்கள். நான்காவது முறை மட்டும், குதிரை கடக்கும்போது ஒரு குடை விரிக்கப்படும் என்று அவர்களிடம் சொல்லிவைத்தார்கள். குடையை யாரும் விரிக்கவே இல்லை. ஆனாலும் மனிதர்களின் இதயத்துடிப்பு ஏறியது, கூடவே குதிரைகளின் துடிப்பும் ஏறியது. சனிக்கிழமை வேலி ஓரத்தில் நீங்களும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பீர்கள் என்று நினைக்கிறேன். போனியைப் பிடித்துக்கொண்டு கூட நடக்கிற வேலையைக் கொஞ்ச நாள் பயிற்சியாளரிடமே விட்டுவிடுங்கள்.

சரி, எப்படிப்பட்ட போனி? பன்னிரண்டு வயதுக்குக் குறைந்ததைப் பார்க்கவே பார்க்காதீர்கள். இருபது வயது என்றாலும் முகம் சுளிக்க வேண்டாம், போனிகள் இருபத்தைந்து முப்பது வயதுவரை இருக்கும். மூட்டு கொஞ்சம் பிடிக்கும், மருத்துவச் செலவு வரும். அதைத் தெரிந்தே எடுங்கள். ஒரு ஹேண்ட் என்பது நான்கு அங்குலம். 13.2 என்பது 13 ஹேண்டும் 2 அங்குலமும், அதாவது 137 சென்டிமீட்டர். உங்கள் மகளுக்கு 12 ஹேண்ட் சுற்றி இருந்தால் போதும். பக்கத்தில் நடக்கிறவர் கையை நீட்டினால் அவள் இடுப்பைப் பிடிக்க முடியும், சேணத்தை அவளே தூக்கி வைக்கவும் முடியும். தரையில் நின்று தேய்த்து, குளம்பு சுத்தம் செய்து, தலைக்கயிறு மாட்டிப் பழகுகிற பிள்ளைக்கு மேலே ஏறும் பயமும் கொஞ்சம் குறைகிறது.

எந்த இனம் என்று கேட்டால், இரண்டாம் பட்சம். வெல்ஷ் மலைப் போனி கொள்ளை அழகு, ஆனால் சிலது படு சுறுசுறுப்பு. உங்கள் ஊர் நியூ ஃபாரஸ்ட் போனிகள் பொதுவாக நிதானமானவை. அதை நம்பி பியூலி ரோடு சந்தைக்குப் போய்க் குட்டி ஒன்றை மலிவாகப் பிடித்து வந்துவிடாதீர்கள். அது பழக்கப்படாத குட்டி, நாம் தேடுவது பழகித் தேய்ந்த கிழம்.

போய்ப் பார்க்கும்போது, முன்னாலேயே சேணம் பூட்டி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் வியர்த்து, உடம்பு சூடாக நின்றால், நீங்கள் வருவதற்கு முன் ஓட்டிக் களைப்பாக்கியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். வயலில் அதைப் பிடிக்க எவ்வளவு நேரமாகிறது, காலைத் தூக்கக் கொடுக்கிறதா, சாலையில் தனியாகப் போகும்போது டிராக்டர் வந்தால் என்ன செய்கிறது என்று பாருங்கள். முதலில் விற்கிறவர் ஏறட்டும், பிறகு உங்கள் பயிற்சியாளர், கடைசியில்தான் மகள். பிடித்துப்போனாலும் இன்னொரு நாள் மறுபடி போங்கள். வயதை பாஸ்போர்ட்டில் பாருங்கள், அங்கே குதிரைக்குப் பாஸ்போர்ட்டும் மைக்ரோசிப்பும் சட்டப்படி கட்டாயம். உங்கள் செலவில் கால்நடை மருத்துவரை வைத்து ஐந்து கட்டப் பரிசோதனையும் செய்யுங்கள். அப்போது எடுக்கிற ரத்தத்தை ஆறு மாதம் வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகு சாது திடீரென்று முரடாகிவிட்டால், மயக்க மருந்து கொடுத்து விற்றார்களா என்று அதில் பார்க்கலாம். லேமினைடிஸ் என்கிற குளம்பு நோய் வந்ததுண்டா என்றும் கேளுங்கள். சத்துக் குறைந்த மேய்ச்சலுக்குப் பழகிய இந்தப் போனிகளுக்கு வசந்தகாலத்துச் செழிப்பான புல்தான் எதிரி. குளம்புக்குள் வீங்கி நிற்கக்கூட முடியாமல் போகும்.

புல்லுக்குத் தலையைக் குனிகிற பழக்கத்துக்கு மருந்து சுலபம். கடிவாளத்திலிருந்து சேணத்துக்கு ஒரு சின்ன வார் கட்டினால் தலை அவ்வளவு கீழே போகாது. இன்று ஏறுகிற போனிக்கே அதைக் கட்டித்தரச் சொல்லுங்கள். வயிற்று வலி பாதி அதிலேயே போகலாம்.

இதெல்லாம் வாங்குவதானால். முதலில் ஒரு போனியை 'லோனுக்கு', அதாவது இரவலாக, எடுங்கள் என்பேன். சொந்தக்காரர் விற்காமல், வாரத்தில் இரண்டு மூன்று நாள் உங்கள் பொறுப்பில் விடுவார், செலவில் பங்கு கொடுக்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு குளிர்காலம் சேற்றில் நின்று பார்த்த பிறகு வாங்குவதைப் பற்றிப் பேசலாம். நல்ல கிழட்டுப் போனிகள் பெரும்பாலும் விளம்பரத்துக்கு வருவதில்லை. வளர்ந்துவிட்ட பிள்ளையின் அம்மா தெரிந்த இன்னொரு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறார். எனவே இந்தச் சனிக்கிழமையே பயிற்சியாளரிடமும் லாயத்தில் இருக்கிற மற்ற அம்மாக்களிடமும் சொல்லிவையுங்கள்.

அன்புடன்,
அக்கா