பழைய ஆங்கிலப் படம் பார்த்து உண்மையிலேயே அழுதவர்கள் இருக்கிறீர்களா? எனக்குத் தூக்கம்தான் வந்தது.

உங்கள் கேள்வியின் இரண்டாவது வாக்கியம்தான் என்னை எழுத வைத்தது. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு, போனில், யாரோ சொன்னார்கள் என்று ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டிருப்பீர்கள். தூக்கம் வராமல் என்ன செய்யும்? குறை சொல்லவில்லை. நானும் பாதித் தூக்கத்தில்தான் ஆரம்பித்தேன்.

2019 டிசம்பர், நியூ ஜெர்சியில் மகள் வீடு. வெளியே குளிர், உள்ளே ஹீட்டர், எனக்கு மூக்கெல்லாம் காய்ந்து கிடக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு அங்கே டிவியில் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' போடுவார்கள், நமக்குத் தீபாவளிப் பட்டிமன்றம் மாதிரி. "மாமா, இது உங்க லைன் படம், பாருங்க" என்றார் மாப்பிள்ளை. என் லைன் என்று அவர் சொன்னது ஃபைனான்ஸ். சீட்டுக் கம்பெனி, அடகுக் கம்பெனி என்று முப்பது வருஷத்துக்கு மேல் கேஷியராக உட்கார்ந்தவன் நான்.

1946-இல் ஃபிராங்க் காப்ரா எடுத்தது. ஒரு சின்ன ஊர். ஜார்ஜ் பெய்லி என்பவர் அப்பா விட்டுப்போன வீட்டுக்கடன் சங்கத்தை நடத்துகிறார். ஊரைவிட்டுப் போய் உலகம் சுற்றும் ஆசை கடைசிவரை நடப்பதில்லை. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்திருக்கிறார். ஊரையே வாங்கி வைத்திருக்கும் பணக்காரர் பாட்டர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி வில்லத்தனம் செய்வார். வங்கிக்காரர்களைக் கெட்டவர்களாகக் காட்டுகிறது என்று இந்தப் படத்தை அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. கூட ஒரு காலத்தில் சந்தேகக் கண்ணோடு பார்த்ததாம். சிரிப்புத்தான் வருகிறது.

தூக்கம் கலைந்தது ஒரு காட்சியில். 1932, வங்கிகள் தடுமாறும் காலம். பணத்தைத் திருப்பிக் கேட்டு ஜனம் சங்கத்துக்குள் நெருக்கியடிக்கிறது. உங்கள் பணம் இந்தப் பெட்டிக்குள் இல்லை, அது பக்கத்து வீட்டுக்காரர் கட்டிய வீட்டில் இருக்கிறது என்று விளக்குகிறார் ஜார்ஜ். முப்பது வருஷம் கவுன்டரில் உட்கார்ந்து என்னால் சொல்ல முடியாததை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். அப்புறம் தேனிலவுக்கு வைத்திருந்த 2,000 டாலரை எடுத்துக் கவுன்டரில் வைத்துக் கொடுக்கிறார். ஒருவர் வீம்பாக 242 டாலரையும் வாங்கிக்கொண்டு போகிறார். அடுத்தவர்கள் இருபது இருபதாகக் கேட்கிறார்கள். ஒரு அம்மா மெதுவாக, 17 டாலர் 50 சென்ட் கிடைக்குமா என்கிறார். வரிசையில் அப்படி ஒருவர் வந்தால் கேஷியருக்கு எப்படி இருக்கும் என்று கேஷியருக்குத்தான் தெரியும். சாயங்காலம் கதவைச் சாத்தும்போது பெட்டியில் மிச்சம் இரண்டே டாலர். நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அழுகை வந்தது அங்கே இல்லை. எல்லாரும் அழும் கடைசிக் காட்சியிலும் இல்லை. பில்லி என்று ஜார்ஜின் சித்தப்பா ஒருவர் சங்கத்திலேயே வேலை செய்கிறார். மறதிக்காரர். ஞாபகத்துக்காக விரல்களில் நூல் கட்டிக்கொண்டு திரிவார். தாமஸ் மிட்செல் என்ற நடிகர். சங்கத்துப் பணம் 8,000 டாலரைக் கட்ட வங்கிக்குப் போகிறார். அன்றைக்குப் பேப்பர் முழுக்க ஜார்ஜின் தம்பி போரில் விருது வாங்கிய செய்தி. எதிரே பாட்டர். நம்ம பையன் பேரைப் பாருங்க என்று அந்தப் பேப்பரை அவரிடமே நீட்டிப் பெருமை அடிக்கிறார். பணக் கவர் பேப்பருக்குள் மடிந்து பாட்டர் கைக்குப் போய்விடுகிறது. பாட்டர் பார்க்கிறார், தெரிந்தே வைத்துக்கொள்கிறார்.

இனி என் கதை. படத்தைப் பற்றித்தானே கேட்டோம் என்பவர்கள் தாண்டிப் போய்விடலாம்.

1992. ஈரோட்டுப் பக்கம் ஒரு சீட்டுக் கம்பெனி, எனக்குச் சம்பளம் 1,100 ரூபாய். பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாள். அப்போதெல்லாம் பாஸான நம்பரை மட்டும் பேப்பரில் போடுவார்கள். டீ கொண்டுவந்த பையன் கையில் பேப்பர். கவுன்டரில் சீட்டு எடுத்த பார்ட்டி ஒருவர் நிற்கிறார், 25,000 கொடுக்க வேண்டும். கட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டே நம்பரைத் தேடுகிறேன். ஸ்பாஞ்சில் நனைத்த விரல், எழுத்து மேலேயே ஈரம் பதிகிறது. தங்கை நம்பர் இருந்தது. "தங்கச்சி பாஸுங்க!" என்று அந்த மனிதரிடமே கத்தினேன். அவரும் கையைப் பிடித்துக் குலுக்கினார். நூறு ரூபாய்க் கட்டு இரண்டும் ஐம்பது ரூபாய்க் கட்டு ஒன்றும் போக வேண்டிய இடத்தில், ஐம்பது ரூபாய்க் கட்டோடு நூறு ரூபாய்க் கட்டு மூன்று போயிருக்கிறது.

சாயங்காலம் கணக்குப் பார்த்தால் 10,000 ஷார்ட்டேஜ். டிராயரைக் கழற்றிப் பார்த்தோம். குப்பைக்கூடையைக் கவிழ்த்தோம். வவுச்சர் கட்டுகளைப் பிரித்தோம். மேனேஜர் நல்ல மனிதர்தான், அன்றைக்கு என் சட்டையைப் பிடித்தார். ஒன்பது மணிக்கு அந்தப் பார்ட்டி வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார்கள், குடித்தேன். "எண்ணித்தானுங்களே குடுத்தீங்க தம்பி?" என்றார். அவ்வளவுதான். அவர்தான் வைத்துக்கொண்டார் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து 4,000 கட்டினேன். மீதிக்கு மாதம் 200 வீதம் 30 மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த இடத்திலெல்லாம் ஒரே சட்டம்: பெட்டியில் கூடுதலாக இருந்தால் கம்பெனிக்கு, குறைந்தால் கேஷியருக்கு. பெட்ரோல் பங்க் பையன், பஸ் கண்டக்டர், சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் பெண் என்று யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். நாள் பூராவும் நின்றுகொண்டே அடுத்தவர் பணத்தை எண்ணுகிறவர்களுக்குப் பல இடங்களில் உட்கார ஒரு ஸ்டூல்கூடப் போடுவதில்லை. சில்லறை இல்லை என்று அந்தப் பெண்ணிடம் எரிந்து விழுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். "அலட்சியமாக இருந்தது உன் தப்புத்தானே" என்று கமெண்டில் ஒருவர் வருவார். என் தப்புத்தான். யார் இல்லையென்றார்கள்? ஆனால் அலட்சியத்தில் வந்த தப்பு இல்லை அது, சந்தோஷத்தில் வந்தது. பில்லிக்கும் அதேதான்.

சரி, படம். பணம் எங்கே என்று பில்லியை உலுக்கு உலுக்கென்று உலுக்குகிறார் ஜார்ஜ், கிழட்டு முட்டாளே என்று கத்துகிறார். யாராவது ஜெயிலுக்குப் போக வேண்டுமென்றால் அது நானாக இருக்காது என்று சொல்லிவிட்டு வெளியேறுகிறார். கிழவர் மேசையில் தலைகவிழ்ந்து அழுகிறார். அவர் வளர்க்கும் அணில் ஒன்று கைமேல் ஏறி வருகிறது. அங்கேதான் எனக்கு உடைந்தது. அந்த வீட்டில் அவருக்கு ஆறுதல் சொல்ல அந்த அணிலை விட்டால் ஆள் கிடையாது. டிவியில் உடனே விளம்பரம் வந்துவிட்டது. நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு, சாகத் துணிந்த ஜார்ஜிடம் ஒரு தேவதை வருகிறார், ஜார்ஜ் பிறக்காமலே இருந்திருந்தால் ஊர் என்னவாகியிருக்கும் என்று காட்டுகிறார். எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை. உருகல் படம் என்று சொல்பவர்களோடு சண்டைக்கும் வரமாட்டேன். கடைசியில் ஊரே கூடிப் பணத்தைக் கொட்டுகிறது. கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருபவரும் பில்லிதான். ஆனால் ஜார்ஜ் அவரிடம் ஒரு மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், பாட்டு பாடிப் படத்தை முடித்துவிட்டார்கள். பாட்டருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குற்றம் செய்தவன் படத்தில் தண்டனை அடைய வேண்டும் என்று ஹாலிவுட்டில் தணிக்கை விதி இருந்த காலம் அது. இருந்தும் 8,000 டாலர் அவரிடமே தங்கிவிட்டது. பலருக்கு இது படத்தின் ஓட்டை. எனக்கு அந்த இடம்தான் படத்தில் பொய்யில்லாத இடம். எனக்குத் தெரிந்து காபி கொடுத்த வீட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

வெளியான காலத்தில் படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. ஐந்து ஆஸ்கர் பரிந்துரை வந்து ஐந்திலும் தோல்வி. 1974-இல் காப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறிவிட்டார்கள். இலவசமாகக் கிடைக்கிறதே என்று டிவிக்காரர்கள் வருஷா வருஷம் போட்டுப் போட்டே பெரிய படமாகிவிட்டது. அங்கேயும் யாரோ ஒரு பில்லி மறந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

நான் அழுததை மகள் மட்டும் கண்டுபிடித்துவிட்டாள். காலையில் கேட்டாள், அந்த 10,000 ரூபாய்க் கதையைச் சொன்னேன். அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது. தங்கைக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தச் சங்கிலி தன் காலேஜ் பீஸுக்காக அடகுக்குப் போனது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள், ஒவ்வொரு பொங்கலுக்கும் அதைச் சொல்லிக் கண் கலங்குவாள். "அத்தைகிட்ட சொல்லிடலாமாப்பா?" என்றாள் மகள். வேண்டாம் என்றேன். தங்கை இந்தத் தளத்துக்கெல்லாம் வருவதில்லை.