கேள்வி-பதில்: குழம்பில் உறையும் கொழுப்பு, உடம்பில் சேரும் கொழுப்பு

ஆட்டுக்கறிக் குழம்பு ராத்திரிக்குள் மேலே வெள்ளையாகக் கட்டிப்போகிறது, நாட்டுக்கோழிக் குழம்பு அப்படியே மஞ்சளாக மிதக்கிறது. இரண்டிலும் நான் ஊற்றுவது ஒரே கடலை எண்ணெய். இலை தழை தின்கிற ஆட்டுக்கு இவ்வளவு கட்டிக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? – ஒரு வாசகி, திண்டுக்கல்

ஆட்டின் வயிற்றில் இருக்கிற பாக்டீரியாக்கள் பார்க்கிற வேலை அது. தழையிலும் கொஞ்சம் கொழுப்பு உண்டு, அதுவும் பெரும்பாலும் எண்ணெய் போல இளகின வகைதான். ஆனால் ஆடு அதை விழுங்கி அசைபோட்டு, அது முதல் இரைப்பையில் ஊறிக் கிடக்கும்போதே இந்தப் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜனைச் சேர்த்துக் கெட்டிக் கொழுப்பாக மாற்றிவிடுகின்றன. வனஸ்பதி ஆலையில் நிக்கலை வைத்து எண்ணெயை உறைய வைக்கிறார்களே, அதே வேலை. அதனால் ஆடும் மாடும் எதைத் தின்றாலும் கொழுப்பு அநேகமாகக் கட்டியாகத்தான் இருக்கும். கோழிக்கும் பன்றிக்கும் இந்த ஏற்பாடு கிடையாது, தின்ற எண்ணெய் பெரிதாக மாறாமல் தோலுக்கடியில் போய்ச் சேர்ந்துவிடும். ஸ்பெயினில் ஓக் மரக் கொட்டை தின்று வளர்கிற ஐபீரியப் பன்றியின் இறைச்சியைக் கையில் எடுத்தால் கொழுப்பு விரல் சூட்டிலேயே உருகி வழியும். அதே இனப் பன்றிக்குத் தானியம் மட்டும் போட்டால் அந்த அளவுக்கு இளகாது.

சூரியகாந்தி எண்ணெயை விட்டுச் செக்குத் தேங்காயெண்ணெய்க்கு மாறி மூன்று மாதம் ஆகிறது. உடம்பிலுள்ள கொழுப்பும் மாறியிருக்குமா? – ஒரு வாசகர், நாகர்கோவில்

இந்த விஷயத்தில் நாம் ஆட்டுக் கட்சி இல்லை, பன்றிக் கட்சி. உண்ட எண்ணெயின் சாயல் நம் உடம்புக் கொழுப்பிலும் தெரியும். சூரியகாந்தி, சோயா எண்ணெய்களில் லினோலிக் அமிலம் என்ற இளகின வகைக் கொழுப்பு அதிகம்; அமெரிக்கர்களின் உடம்புக் கொழுப்பில் 1959-ல் 100-க்கு 9 பங்காக இருந்த அது, சோயா எண்ணெய் எல்லாப் பண்டத்திலும் நுழைந்த பிறகு, 2008-ல் 21 பங்கைத் தாண்டிவிட்டது.

ஆனால் மூன்று மாதம் போதாது. அந்தக் காலத்து அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் பரவிய கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன், சாப்பாடு வழியாக நம் எல்லார் உடம்பிலும் ஏறியிருக்கிறது. காற்றில் அதன் அளவு வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்ததால், கொழுப்பில் அது எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து அந்தக் கொழுப்பு எப்போது சேர்ந்தது என்று சொல்லிவிடலாம். அப்படி அளந்து பார்த்த ஸ்வீடன் ஆய்வாளர்கள், கொழுப்பு நம் உடம்பில் சராசரியாக 1.6 வருஷம் தங்குகிறது என்று 2011-ல் கண்டார்கள். ஆக இப்போது உங்கள் இடுப்பில் இருப்பது பெரும்பாலும் பழைய எண்ணெய்தான். அப்புறம் ஒன்று, எண்ணெயை மாற்றினால் கொழுப்பின் வகைதான் மாறும், அளவு குறையாது. தயவுசெய்து இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நான் எண்ணெய்ப் பலகாரமே தொடுவதில்லை, சோறுதான். தொப்பை மட்டும் எப்படி? – ஒரு வாசகர், தஞ்சாவூர்

மாவுச்சத்து கொழுப்பாக மாறும் என்பது உண்மைதான், இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் பண்ணையில் லாஸ், கில்பர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1850-களிலேயே பன்றிகளை வைத்துக் காட்டினார்கள்: தீவனத்தில் இருந்ததைவிட அதிகக் கொழுப்பு பன்றி உடம்பில் சேர்ந்திருந்தது. ஆனால் மனிதர்களிடம், வழக்கமான சாப்பாட்டில், இது நடப்பது கொஞ்சம்தான். உடம்பு முதலில் சோற்றை எரிக்கிறது, கூடவே வந்த கொழுப்பை எடுத்து வைத்துக்கொள்கிறது. சோறு அளவுக்கு மிஞ்சினால் அந்தக் கொழுப்பை எரிக்க வேண்டிய தேவையே வருவதில்லை. பலகாரம் வேண்டாம் என்கிறீர்கள், சரி, தாளிப்பு, பொரியல், துவையலில் அரைத்த தேங்காய், காபிக்கு ஊற்றின பால், இவற்றையெல்லாம் கணக்கில் சேர்த்தீர்களா?

சோற்றின் மேல் கோபித்துக்கொண்டு பட்டினி கிடக்காதீர்கள். எண்ணெய் டின்னில் இன்றைய தேதியை எழுதி வையுங்கள், எத்தனை நாளில் தீர்கிறது என்று பார்ப்போம். ஒரு லிட்டர் எண்ணெயில் சுமார் 8,000 கலோரி, ஒரு கிலோ உடம்புக் கொழுப்பில் சுமார் 7,700. கூடவே ஒரு கரண்டிச் சோற்றையும் குறைத்துக்கொண்டு, இரண்டு மாதம் கழித்து இடுப்பளவோடு எழுதுங்கள்.