ஒரே எக்ஸ்ரே, இரண்டு கணக்கு

கேள்வி: என் மகனுக்கு வயது 21, உயரமான, மெலிந்த உடல்வாகு. சென்ற வாரம் திடீரென நெஞ்சுவலி வந்து எக்ஸ்ரே எடுத்தபோது, வலது நுரையீரல் 20 விழுக்காடு சுருங்கியிருப்பதாக ஒரு கிளினிக்கில் கூறினார்கள். அதே படத்தைப் பார்த்த மருத்துவமனை மருத்துவரோ ஏறக்குறைய பாதி சுருங்கிவிட்டது என்றார். ஆனாலும் குழாய் எதுவும் வைக்காமல், சில நாள் கழித்து மறுபடியும் வரச் சொல்லி அனுப்பிவிட்டார். யார் சொன்னதை நம்புவது? அடுத்த வாரம் அவன் கோலாலம்பூருக்கு விமானத்தில் போக வேண்டும், போகலாமா?
– ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: அம்மா, இருவருமே ஒரே படத்தைச் சரியாகப் பார்த்துவிட்டு, வெவ்வேறு கணக்குச் சொல்லியிருக்க வாய்ப்புண்டு. அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், விலா எலும்புகளுக்கு உட்புறமாக மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று மேலிருந்து கீழே ஓடுவது தெரியும். அதுதான் நுரையீரலின் விளிம்பு. அதற்கும் மார்புச் சுவருக்கும் இடையே, நுரையீரலின் இரத்தக்குழாய்க் கோடுகள் எதுவும் இல்லாமல் வெறும் கறுப்பாகத் தெரிவதே, நுரையீரலிலிருந்து கசிந்து வெளியேறி அதைச் சுருங்க வைத்துத் தங்கிய காற்று.

அந்த இடைவெளி 2 சென்டிமீட்டர், அந்தப் பக்க மார்பின் அகலம் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அகலத்தை மட்டும் பார்த்தால் இழப்பு 20 விழுக்காடுதான். ஆனால் நுரையீரல் தட்டையான தாள் அன்று; அது எல்லாப் பக்கமும் சேர்ந்து சுருங்குகிறது. ஈப்போவிலிருந்து வரும் பெரிய பம்ப்ளிமாஸ் பழத்தை உரித்திருப்பீர்கள். 20 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பழத்தில் 2 சென்டிமீட்டர் தோலை நீக்கினால், கையில் மிஞ்சுவது முழுப் பழத்தின் பாதி அளவுதான். நுரையீரல் கணக்கும் அதுவே: மிஞ்சிய அகலம் 8-இன் கனம் (8×8×8) 512, முழு அகலம் 10-இன் கனம் 1000, ஆகவே இழப்பு 49 விழுக்காடு. லைட் என்னும் மருத்துவரின் பெயரால் வழங்கும் சூத்திரம் இப்படித்தான் கணக்கிடுகிறது.

இதுவும் மதிப்பீடே. நுரையீரல் எல்லா இடத்திலும் சமமாகச் சுருங்குவதில்லை என்பதால், 1995-இல் காலின்ஸ் குழுவினர் சி.டி. ஸ்கேன் அளவோடு ஒப்பிட்டு, எக்ஸ்ரேயில் மூன்று இடங்களில் இடைவெளியை அளந்து கூட்டும் முறையை வகுத்தார்கள். உண்மையான கொள்ளளவை நெருங்கிச் சொல்வது சி.டி. ஸ்கேன்தான், எனினும் அதன் கதிர்வீச்சு அதிகம் என்பதால், ஒவ்வொரு முறையும் அதை எடுக்கச் சொல்ல மாட்டேன். படுத்த நிலையில் எடுத்த எக்ஸ்ரேயில் காற்று மார்பின் முன்புறம் ஏறி நிற்பதால், பெரிய சுருக்கம்கூடச் சிறிதாகத் தெரியலாம், சில வேளை தெரியாமலே போகலாம். ஆகவே அடுத்த படத்தையும் நின்ற நிலையிலேயே எடுத்து, அதே இடத்தில் அளந்து, பழைய படத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். கிளினிக்கின் 20-ஐயும் மருத்துவமனையின் 50-ஐயும் பக்கத்தில் வைத்து, ஒரே நாளில் நோய் முற்றிவிட்டதாக அஞ்ச வேண்டாம்.

காற்றை வெளியேற்றும் குழாய் வைக்காததில் தங்களுக்கு வருத்தம் இருப்பது புரிகிறது. 2010-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் வழிகாட்டுதல், நுரையீரலின் வேர்ப்பகுதி மட்டத்தில் இடைவெளி 2 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் பெரியது என்றது. 2001-ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டுதலோ உச்சியில் 3 சென்டிமீட்டரை எல்லையாக வைத்தது. எல்லைக்கோடே இப்படி வேறுபடுகையில், அளவு ஒன்றை மட்டும் பார்த்து, காற்றை எடுக்க ஊசி குத்துவதா என்ற கேள்வி எழுந்தது இயல்பே. 2023-இல் வந்த புதிய பிரிட்டிஷ் வழிகாட்டுதல் நோயாளியின் மூச்சுத்திணறலுக்கே முதலிடம் தருகிறது. வேறு நுரையீரல் நோய் இல்லாத இளைஞர் சிரமமின்றி மூச்சுவிட்டுப் பேசி நடந்தால், கண்காணித்துக் காத்திருப்பது முறையான சிகிச்சையே; அதை அலட்சியம் என்று எண்ண வேண்டாம்.

தங்கிய காற்றை உடல் தானே உறிஞ்சிக்கொள்ளும் வேகம் நாளொன்றுக்கு மார்புப் பக்கக் கொள்ளளவில் ஏறத்தாழ 1.25 முதல் 2.2 விழுக்காடு. பாதி சுருங்கிய நுரையீரல் முழுதும் விரிய மூன்று முதல் ஆறு வாரம் ஆகலாம். எனவே அடுத்த வாரம் விமானம் கூடாது: உயரே அழுத்தம் குறையும்போது அடைபட்ட காற்று விரிந்து நுரையீரலை மேலும் நெருக்கும். முழுதும் விரிந்துவிட்டதை எக்ஸ்ரே காட்டிய பின்னரும் ஒரு வாரம் பொறுப்பதே வழக்கம். பயணத்தைத் தள்ளிப்போட முடியாவிட்டால், மருத்துவரின் ஒப்புதலோடு பட்டர்வொர்த்திலிருந்து இ.டி.எஸ். ரயிலில் போகட்டும். மகன் புகைப்பவராக இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மூச்சு திடீரென இறுகினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, அடுத்த எக்ஸ்ரே தேதிக்குக் காத்திராமல் உடனே 999-ஐ அழையுங்கள்.