பட்டாளத்து நண்பர்கள் குடும்பத்தோடு இரண்டு நாள் கூடுவதற்கு கிருஷ்ணகிரியில் எப்படி ஏற்பாடு செய்வது?

தம்பி கேட்டிருப்பது இது: அப்பா எம்.இ.ஜி.யில் (மெட்ராஸ் சாப்பர்கள் எனும் ராணுவப் பொறியாளர் படை) இருந்து ஓய்வு பெற்றவர். அவரோடு ஸ்ரீலங்கா போய் வந்தவர்கள், பிறகு வந்த கார்கில் காலத்து ஆட்கள், எல்லாரும் மனைவி மக்களோடு ஒரு சனி, ஞாயிறு கிருஷ்ணகிரியில் கூட வேண்டும். கணக்கு 120 பேர். ஒகேனக்கல்லும் போக வேண்டுமாம்.

அப்பா எம்.இ.ஜி. என்றால் உங்களைத் தம்பி என்று கூப்பிட எனக்கு இரட்டை உரிமை. மெட்ராஸ் சாப்பர்களுக்குப் பெயரே அதுதான். நான் ஏ.எஸ்.சி. ஆள், அதாவது பட்டாளத்துக்குச் சாப்பாடும் வண்டியும் பார்க்கும் பிரிவு. அரிசி, வண்டி, தண்ணீர் என்றுதான் பேச வரும். மேடை அலங்காரமும் டிரோன் வீடியோவும் வேண்டுபவர்கள் அடுத்த பதிலுக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் தேதி. முகூர்த்த மாதத்தில் மண்டபமும் கிடைக்காது, நல்ல சமையல் மாஸ்டரும் கிடைக்க மாட்டார். மிச்சம் ஆடி, புரட்டாசி, மார்கழி. புரட்டாசியில் இந்தப் பக்கம் பாதி வீடுகளில் கறி கிடையாது. மார்கழியில் குளிர் முட்டியைப் பிடிக்கும். ஐயப்பனுக்கும் மேல்மருவத்தூருக்கும் மாலை போட்டவர்கள் தனிச் சமையல் கேட்பார்கள். டிசம்பர் தொடக்கம் வேண்டவே வேண்டாம். 2024-ல் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டி, நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துப் போனதை எல்லாரும் பார்த்தோம். ஆகவே ஆடி முதல் பாதி. ஜூலை 26 கார்கில் வெற்றி நாள், 2026-ல் அது ஞாயிற்றுக்கிழமையே வருகிறது. ஆடிப்பெருக்குக் கூட்டத்துக்கும் முன்னால் முடிந்துவிடும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: மாங்கனிக் கண்காட்சி அந்த வருடம் தள்ளிப்போனால் கிருஷ்ணகிரியில் லாட்ஜ் அறை கிடைப்பது கஷ்டம்.

மண்டபக் கணக்கில் ஒரு நாள் என்பது பெரும்பாலும் மதியம் தொடங்கி மறுநாள் மதியம் முடியும். சனி காலை நுழைந்து ஞாயிறு மூன்று மணிக்கு வெளியேறினால் இரண்டு வாடகை. ஆடியில் பேசினால் குறைப்பார்கள், ஆனால் நேரத்தைத் தாளில் எழுதி வாங்குங்கள். உள்ளே போனதும் கரன்ட் மீட்டரைப் போட்டோ எடுங்கள். ஜெனரேட்டர் டீசல், கேஸ் சிலிண்டர், துப்புரவு மூன்றும் வாடகையில் சேருமா என்று அன்றே கேளுங்கள். கடைசி நாள் சண்டை எல்லாம் இந்த மூன்றில்தான்.

அட்வான்ஸ் கொடுக்குமுன் பாத்ரூமைப் பாருங்கள். கல்யாண மண்டபத்தில் பத்து கழிப்பறை இருந்தால் எட்டு இந்தியன் டைப். முட்டி ஆபரேஷன் ஆனவர், செயற்கைக் கால் வைத்தவர், எழுபது வயது அம்மாக்கள் இவர்களை வைத்துப் பாருங்கள். என் கணக்கு, பெண்களுக்குப் பதினைந்து பேருக்கு ஒன்று, அதில் பாதி வெஸ்டர்ன். இல்லையென்றால் சர்ஜிக்கல் கடையில் கமோடு நாற்காலி வாடகைக்கு எடுங்கள், ஈரத்தரைக்கு ரப்பர் மேட் போடுங்கள். சாப்பாட்டுக் கூடம் கீழ்த்தளத்தில், ஹால் மாடியில், லிப்ட் இல்லை என்றால் அந்த மண்டபத்தை விட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து தடவை படி ஏறி இறங்க வைப்பது தண்டனை டிரில்.

ரிசார்ட் நடத்துபவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். உங்களிடம் பாத்ரூம் நன்றாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆளுக்கொரு காட்டேஜில் போய்ப் படுத்துவிட்டால் ராத்திரி பதினோரு மணிப் பேச்சு நடக்காது. இவர்கள் கூடுவதே அதற்காகத்தான்.

வாட்ஸ்அப் குரூப்பில் பட்டியல் எடுக்கும்போது பெயர், எத்தனை தலை, எந்த ரயில், முட்டி, சர்க்கரை, சைவமா அசைவமா, இவ்வளவு கேட்டால் போதும். சர்வீஸ் நம்பர், பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை) நம்பர், ஆதார் எதையும் குரூப்பில் போடச் சொல்லாதீர்கள். பென்ஷன்காரர்களைக் குறிவைத்து ஏமாற்றுபவர்கள் அதற்காகவே காத்திருக்கிறார்கள். 120 என்று பெயர் கொடுத்தால் நூறு பேர் வருவார்கள், கூடவே சொல்லாமல் பத்துப் பேரப்பிள்ளைகள் வருவார்கள். 110-க்குச் சமையுங்கள்.

கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் கிடையாது என்பதே வெளியூர்க்காரர்கள் பாதிப் பேருக்குத் தெரியாது. திருப்பத்தூரில் இருந்து வந்த குறுகிய பாதை சுதந்திரத்துக்கு முன்பே போய்விட்டது. சென்னையில் இருந்து வருபவர்கள் ஜோலார்பேட்டை அல்லது திருப்பத்தூரில் இறங்கட்டும், தெற்கே இருந்து வருபவர்கள் சேலத்தில், பெங்களூரு ஆட்கள் ஓசூரில். சேலத்தில் இருந்து வேன் பிடித்தால் பகல் நேரமாகப் பாருங்கள். தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும் பக்கம்தான் அதிக விபத்து, அதாவது திரும்பிப் போகும்போது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரிக்குப் பிரேக் நிற்காது. டிரைவரிடம் கியரில் இறங்கச் சொல்லுங்கள், லாரிக்கு முன்னால் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். டோல்கேட்டில் "நான் எக்ஸ் சர்வீஸ்மேன்" என்று கார்டு நீட்டி வரிசையை நிறுத்துவது இன்னொரு தொல்லை. ஓய்வு பெற்றவர்களுக்கு அந்த விலக்கு இல்லை. பாஸ்டேக்கில் பணம் போட்டு வையுங்கள்.

தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். மண்டபத்து போர் தண்ணீரைக் குளிக்க, கழுவ வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சினால் சரியாகிவிடும் என்பார் மாஸ்டர். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். ஆளுக்கு நாளைக்கு மூன்று லிட்டர் என்றால் 110 பேருக்கு 20 லிட்டர் கேன் பதினேழு. சமையலுக்கும் சேர்த்து ஒன்றரை நாளைக்கு 45 கேன் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் சனிக்கிழமை கறி வைக்காதீர்கள், பெருமாள் வீடுகள் இங்கே நிறைய. சனி ராத்திரி களி, கீரைக் கடைசல், மோர். ஒரு கிலோ கேழ்வரகு மாவுக்குக் கால் கிலோ எடையில் பன்னிரண்டு உருண்டை வரும். பாதிப் பேர் சோறுதான் கேட்பார்கள் என்பதால் ஐந்து கிலோ போதும். நொய்யைக் குறைக்கச் சொல்லுங்கள். ஒரே தடவையில் கிண்டினால் கடைசிப் பந்திக்கு இறுகிப் போய்த் துடுப்பே முறியும். இரண்டு ஈடாகக் கிண்ட வேண்டும். களி சர்க்கரையை ஏற்றாது என்று சொல்பவரை நம்பி மூன்று உருண்டை விழுங்குபவர்கள் உண்டு. அதுவும் மாவுச்சத்துதான், அளவுதான் முக்கியம். இன்சுலின் போடுபவர்கள் இருப்பதால் ஏழரைக்கு இலை போட்டாக வேண்டும். எந்தப் பேச்சாளர் மைக்கில் இருந்தாலும் சரி.

ஞாயிறு மதியம் பிரியாணி. கல்யாணத்துக்குக் கிலோ அரிசிக்கு ஆறு பேர் என்று மாஸ்டர் கணக்குச் சொல்வார். அறுபது தாண்டியவர்கள் பாதிப் பேர் இருக்கும் பந்திக்கு எட்டு பேர் வைக்கலாம். அசைவம் எண்பது பேர் என்றால் பத்து கிலோ சீரகச் சம்பா, பன்னிரண்டு கிலோ ஆட்டுக்கறி. மிச்ச முப்பது பேருக்குச் சாம்பார், ரசம், பொரியல், தனி அடுப்பு, தனிக் கரண்டி. டீ ஒரு சுற்றுக்கு ஏழு லிட்டர் பால், சர்க்கரை போடாத டீயைத் தனி பிளாஸ்கில் பெயர் ஒட்டி வையுங்கள்.

ஒகேனக்கல் வேண்டாம் என்று சொன்னால் உங்கள் வீட்டிலேயே எதிர்ப்பு வரும். ஆனாலும் சொல்கிறேன். கிருஷ்ணகிரியில் இருந்து போக 90 கிலோமீட்டர், வர 90. ஆடியில் கர்நாடகத்தில் கபினியும் கே.ஆர்.எஸ்.ஸும் நிரம்பித் திறந்தால் காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறும், உடனே மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளிக்கவும் தடை போட்டுவிடும். இரண்டு பஸ் ஆளை ஏற்றிக்கொண்டு போய் மீன் வறுவல் மட்டும் தின்றுவிட்டு வரலாம். தடை இல்லாவிட்டாலும் வழுக்குப் பாறையில் இறங்கி, ஆடுகிற பரிசலில் குந்தி உட்கார எழுபது வயது முட்டி ஒத்துக்கொள்ளாது. சனி சாயங்காலம் கே.ஆர்.பி. அணைப் பூங்கா போதும், அதற்கும் தென்பெண்ணையில் தண்ணீர் திறந்தால் தரைப்பாலம் மூழ்கி வழி அடைபடும், காலையிலேயே விசாரியுங்கள். தர்மபுரி வழியாக வருபவர்களுக்கு நேரம் இருந்தால் அங்கே அகழ்வைப்பகத்தில் நடுகல்லைக் காட்டுங்கள். போரில் செத்தவனுக்கு ஊர் கல் நட்ட மண் இது. பட்டாளத்துக்காரருக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அஞ்சலிக்கு இருபது நிமிடம், ஞாயிறு காலை. பெயர்களை ரேங்க் வரிசையில் வாசிக்காதீர்கள், இறந்த தேதி வரிசையில் வாசியுங்கள். பிறகு இரண்டு நிமிட மௌனம். லாஸ்ட் போஸ்ட் (இறந்த வீரர்களுக்கு ஊதும் பியூகிள் இசை) போனில் இருந்து ஒலிக்கப் போகிறதென்றால் அந்த போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுவில் கடன் வேண்டுமா என்று ஒரு அழைப்பு வந்தால் எல்லாம் போச்சு. தேசியக் கொடியோடு யூனிட் கொடியும் வைத்தால் தேசியக் கொடி பார்ப்பவர்களின் இடக்கைப் பக்கம், உயரம் குறையக் கூடாது. கணவரின் மெடலை அணிந்து வரும் அம்மாக்கள் வலது மார்பில் குத்திக்கொள்ள வேண்டும், இடது பக்கம் வாங்கியவருக்கு உரியது. சரவெடி கூடவே கூடாது. ஏன் என்று அந்த அம்மாக்களைக் கேளுங்கள்.

வாசலில் சந்தனம், குங்குமத் தட்டு வைக்காதீர்கள். வரவேற்பில் நிற்கும் பெண் ஒரு அம்மாவுக்கு நீட்டிவிட்டு, அடுத்த அம்மாவின் நெற்றியைப் பார்த்துத் தட்டைப் பின்னுக்கு இழுக்கும் அந்த ஒரு நொடி போதும், அவர் இரண்டு நாளும் கடைசி வரிசையில்தான் உட்காருவார். பன்னீர் தெளித்துக் கற்கண்டு கொடுங்கள், எல்லாருக்கும். சால்வை போர்த்துவதையும் முன்பே கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மேடை ஏற விரும்பாதவர்கள் உண்டு. பழக்கத்தை அவமதிக்கிறேன் என்று யாராவது சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

அஞ்சலி முடிந்ததும் ஒரு மேசை, ஒரு லேப்டாப், விவரம் தெரிந்த ஒருவர், இரண்டு மணி நேரம். ஸ்பர்ஷ் என்ற ராணுவப் பென்ஷன் இணையதளத்தில் லைஃப் சர்டிபிகேட் எப்போது கொடுக்க வேண்டும், குடும்பப் பென்ஷனுக்கு மனைவி பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொருவராகப் பார்க்கட்டும். டிஸ்சார்ஜ் புக்கில் 'லட்சுமி', ஆதாரில் 'லக்ஷ்மி அம்மாள்', பிறந்த தேதி இரண்டிலும் வேறு வேறு. கணவர் இருக்கும்போதே ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதினால் திருத்திக்கொள்ளலாம், போன பிறகு அந்த அம்மா அலைவார். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து வழி கேட்டு வையுங்கள். ஆனால் யாரையும் சிறப்பு விருந்தினர் என்று கூப்பிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்காதீர்கள்.

உடம்புக்கு ஏதாவது ஆனால் 108, அருகில் உள்ள ஆஸ்பத்திரி. ஈ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) பட்டியலில் உள்ளதா என்று தேடிக்கொண்டு நிற்க வேண்டாம், அவசரத்துக்கு எதிலும் சேர்க்கலாம், 48 மணி நேரத்துக்குள் அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்ல வேண்டும். பெயர் அட்டையின் பின்பக்கம் மாத்திரைப் பெயர்களை எழுதி வைத்தால் டாக்டருக்கு உதவும். ராத்திரி ஒரு கார், தூங்காத ஒரு டிரைவர்.

நீங்கள் கேட்காத ஒன்று. மிலிட்டரி ஆட்கள் கூடுகிறார்கள் என்று தெரிந்தால் ஊரில் முதல் கேள்வி "சரக்கு உண்டா?" என்பதுதான். பதினேழு வருடம் பனியில் நின்றவனைப் பார்த்து ஊர் கேட்பது அவனுடைய கேன்டீன் மது கோட்டாவை! முடி வெட்டுபவரில் இருந்து சம்பந்தி வரை கேட்பார்கள். கேன்டீன் பாட்டில் வாங்கியவரின் சொந்த உபயோகத்துக்கு. பெட்டி பெட்டியாக மண்டபத்தில் இறக்கினால் வழக்கு உங்கள் அப்பா பெயரில் வரும். அழைப்பிலேயே "இல்லை" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

பணத்தில் மண்டபம், வேன், மைக் குடும்பக் கணக்கு. சாப்பாடு தலைக் கணக்கு. கணவரை இழந்த அம்மாக்களிடம் வாங்காதீர்கள், வாங்கவில்லை என்று குரூப்பில் அறிவிக்கவும் வேண்டாம். பாதியை ஒரு மாதம் முன்பே வசூலியுங்கள்.

ஞாயிறு மிஞ்சிய பிரியாணியைப் பொட்டலம் கட்டி ரயிலுக்குக் கொடுக்காதீர்கள், ராத்திரிக்குள் ஊசிவிடும். வழிக்கு ஆளுக்கு ஒரு பொட்டலம் நிப்பட் (தட்டை) கொடுங்கள். திருநெல்வேலி வரை தாங்கும்.