எம்.பி. பேசிவிட்டார், பாலம் வரவில்லை: அமைச்சரிடமிருந்து உருப்படியான பதில் வாங்குவது எப்படி?

தென்மாவட்டத்துப் பேரூராட்சி ஒன்றிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஊருக்குள் ரயில்வே கேட். ஒரு நாளைக்குப் பல முறை மூடுகிறார்கள், ஆம்புலன்ஸ்கூட நிற்கிறது. மேம்பாலத்துக்கு அனுமதி கிடைத்து வருஷக்கணக்காகிறது, வேலை தொடங்கவில்லை. தொகுதி எம்.பி. நாடாளுமன்றத்தில் பேசினார், வீடியோவும் வந்தது, ஊரே பகிர்ந்தது, அதோடு சரி. அவர் கேட்பது மூன்று. அமைச்சரைப் பதில் சொல்ல வைக்க வழி உண்டா? எம்.பி.யிடம் என்ன எழுதிக் கொடுக்க வேண்டும்? "கொஞ்சம் செலவு செய்தால் டெல்லியில் கேள்வி போட வைக்கிறேன்" என்று ஒருவர் சொல்கிறாரே, அது சரியா?

முதலில் அந்த வீடியோ. ஐயா, நீங்கள் அனுப்பிய விவரப்படி உங்கள் எம்.பி. பேசியது பூஜ்ய நேரத்தில். நடைமுறை விதிப் புத்தகத்தில் பூஜ்ய நேரம் என்று ஒன்று கிடையாது, வழக்கத்தில் வந்தது. உறுப்பினர் பேசலாம், அமைச்சர் கேட்டுக்கொண்டு உட்காரலாம், பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மக்களவையில் 377-ஆம் விதியின்கீழ் எழுப்பினால் அமைச்சகத்திலிருந்து பின்னால் எழுத்தில் ஒரு பதில் உறுப்பினருக்கு வரும், அது கொஞ்சம் மேல். ஆனால் தேதி குறித்து, அமைச்சர் பெயரில், அவையின் பதிவில் ஏறும் பதில் வேண்டுமென்றால் கேள்விதான் வழி. வீடியோவுக்கு லைக் கிடைக்கும், கேள்விக்குத்தான் பதில் கிடைக்கும் என்று எம்.பி. அலுவலகத்தில் சிரித்துக்கொண்டே சொல்லிப் பாருங்கள்.

கேள்வியில் முக்கியமாக இரண்டு வகை. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், அதன் மேல் துணைக் கேள்வி கேட்கலாம். நட்சத்திரம் இல்லாத கேள்விக்கு எழுத்தில் பதில். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி 20, மற்றது 230. மாநிலங்களவையில் 15, 160. அந்த இருபதிலும் கேள்வி நேரம் முடிவதற்குள் பல நாட்களில் ஐந்தாறுதான் தேறும், அவை அமளியில் ஒத்திப்போனால் அதுவும் இல்லை. எந்தக் கேள்வி முதலில் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. ஒரே ஊரின் ஒரே பாலத்தைப் பற்றிய கேள்வியைப் பெரும்பாலும் எழுத்துப் பதில் பட்டியலுக்குத்தான் தள்ளுவார்கள். அதற்காக வருத்தப்படாதீர்கள். உங்கள் காரியத்துக்கு எழுத்துப் பதில்தான் நல்லது, ஏனென்றால் அவை நாள் முழுக்க முடங்கினாலும் அந்தப் பதில் அவையின் பதிவுக்கு வந்துவிடும். 2020 செப்டம்பரில் கொரோனாவைச் சொல்லிக் கேள்வி நேரத்தையே ரத்து செய்தபோதுகூட எழுத்துப் பதில்கள் வந்துகொண்டுதான் இருந்தன.

வாய்மொழிக் கேள்வியின் பலம் தனி, அதையும் சொல்லிவிட வேண்டும். 1957-இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது மக்களவையில் கேள்வியாக எழுந்தது. மழுப்பலாக வந்த பதிலை விடாமல் துரத்தியவர் பெரோஸ் காந்தி. ஆளுங்கட்சிக்காரர், போதாததற்குப் பிரதமர் நேருவின் மருமகன். விவகாரம் நீதிபதி சாக்ளாவின் விசாரணை ஆணையம் வரை போய், 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் பதவியை விட்டு விலகினார் நம் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. துணைக் கேள்விக்கு அந்த வலு உண்டு. ஆனால் அது கையில் ஆதாரத்தோடு உட்கார்ந்து கேட்கத் தெரிந்தவருக்கு. உங்களுக்கு வேண்டியது ஒரு பாலம், ஒரு ராஜினாமா இல்லை.

இனி எழுதிக் கொடுப்பதற்கு வருவோம், இங்கேதான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். நீங்கள் எனக்கு அனுப்பிய வரைவை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்: "மக்கள் படும் அவதியைக் கண்டும் காணாமல் இருக்கும் ரயில்வே நிர்வாகம் எப்போதுதான் கண் திறக்கும், மேம்பாலத்தை விரைந்து கட்ட அமைச்சர் முன்வருவாரா?" மனசுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கேள்வியில் வாதம், கிண்டல், குற்றச்சாட்டு, அடைமொழி எதுவும் இருக்கக்கூடாது என்பது விதி, ஆக முதல் பாதி செயலகத்திலேயே வெட்டுப்படும். மிச்சம் இருக்கும் "முன்வருவாரா" என்பதற்கு அமைச்சகத்தில் தயாராக ஒரு பதில் இருக்கிறது: மேம்பாலப் பணிகள் தொடர்ந்து நடக்கும் நடைமுறை, ரயில் இயக்கத்தின் பாதுகாப்பு, சாலைப் பயனாளிகளுக்கு உள்ள தாக்கம், சாத்தியக்கூறு ஆகியவற்றைப் பொறுத்து எடுத்துக்கொள்ளப்படுகின்றன, நில எடுப்பு, மாநில அரசின் ஒத்துழைப்பு முதலியவற்றைப் பொறுத்து முடியும். எந்த ஊர்ப் பாலத்தைக் கேட்டாலும் கிட்டத்தட்ட இந்தப் பத்திதான் வரும். நம் சட்டமன்றத்திலும் இதே கதைதான், "அரசு ஆவன செய்யுமா" என்று கேட்டால் "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்று முடித்துவிடுவார்கள். ஆமா, இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியைக் கேட்டால் இரண்டும் இல்லாத பதில்தான் கிடைக்கும்.

ஆகவே தேதியைக் கேளுங்கள், தொகையைக் கேளுங்கள், காகிதம் எந்த மேஜையில் கிடக்கிறது என்று கேளுங்கள். உங்கள் கேள்வியை நான் இப்படி எழுதுவேன்:

"தெற்கு ரயில்வே, இன்ன கோட்டம், இன்ன நிலையங்களுக்கு இடையே உள்ள லெவல் கிராசிங் எண் இன்னதுக்குப் பதிலாக அனுமதிக்கப்பட்ட சாலை மேம்பாலம் தொடர்பாக: (அ) பொது அமைப்பு வரைபடத்துக்கு ஒப்புதல் அளிக்கப்பட்ட தேதி என்ன, இல்லையெனில் அது எந்த அலுவலகத்தில் எந்தத் தேதியிலிருந்து நிலுவையில் உள்ளது, (ஆ) கடந்த மூன்று நிதியாண்டுகளில் இப்பணிக்கு ஆண்டுவாரியாக ஒதுக்கிய தொகை, செலவிட்ட தொகை, செலவிடாததற்கான காரணம், (இ) நில எடுப்பு, அணுகுசாலை குறித்து மாநில அரசுக்கு ரயில்வே எழுதிய கடிதங்களின் தேதிகள், பெற்ற பதில்களின் தேதிகள், (ஈ) ரயில்வே பகுதிக்கான ஒப்பந்தப்புள்ளி கோர நிர்ணயித்த இலக்குத் தேதி?"

கேட்டின் எண் கேட் பக்கத்திலேயே எழுதியிருக்கும், போய்ப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் போட்டால் பக்கத்து கேட்டுக்கான விவரத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மொத்தக் கேள்வி 150 சொற்களைத் தாண்டக்கூடாது. ஆங்கிலத்திலும் ஒரு படி தயாராக வைத்துக் கொடுத்தால், அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் உதவியாளருக்கு வேலை மிச்சம். அவரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், பல எம்.பி.க்களுக்குக் கேள்வியை இணையதளத்தில் ஏற்றுபவரே அவர்தான்.

இன்னொரு விதி நிறைய பேருக்குத் தெரியாது. வெளியிட்ட ஆவணத்தில் சுலபமாகக் கிடைக்கும் தகவலைக் கேள்வியாகக் கேட்க முடியாது. ரயில்வேயில் ஒவ்வொரு பணிக்கும் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பது பட்ஜெட்டோடு வரும் பிங்க் புத்தகத்தில் இருக்கிறது. ரயில்வே பட்ஜெட் 2017-இல் பொது பட்ஜெட்டோடு சேர்ந்துவிட்டாலும் இந்தப் புத்தகம் வருவது நிற்கவில்லை. அதில் உங்கள் கேட் எண்ணைத் தேடுங்கள். பெயருக்கு 1,000 ரூபாய் என்று ஒதுக்கியிருந்தால் அந்தப் பணி உயிரோடு இருக்கிறது, ஆனால் இந்த வருஷம் எதுவும் நடக்காது என்று அர்த்தம். அப்போது "எவ்வளவு ஒதுக்கினீர்கள்" என்று மட்டும் கேட்டு ஒரு வாய்ப்பை வீணாக்க வேண்டாம். "1,000 ரூபாய் மட்டும் ஒதுக்கக் காரணம் என்ன" என்று (ஆ) பிரிவை மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம் பாலத்தில் இரண்டு அரசுகள் இருக்கின்றன என்பதை மறந்துவிடக்கூடாது. ஒரு நாளில் கேட்டைக் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை வாகனக் கணக்கால் பெருக்கினால் வருவது டி.வி.யூ., அது ஒரு லட்சத்தைத் தாண்டிய கேட்டுகளில் ரயில்வேயும் மாநிலமும் செலவைப் பகிர்ந்துகொள்வது வழக்கமான ஏற்பாடு. தண்டவாளத்துக்கு மேலே உள்ள பகுதி ரயில்வேயுடையது, இரண்டு பக்க அணுகுசாலையும் நில எடுப்பும் பெரும்பாலும் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. டெல்லியில் கேட்டால் பந்து சென்னைக்கு வரும், சென்னையில் கேட்டால் டெல்லிக்குப் போகும். ஒரே சமயத்தில் இரண்டு இடத்திலும் கேட்க வையுங்கள். எம்.எல்.ஏ. மூலம் சட்டமன்றத்தில் நில எடுப்புக்கான நிர்வாக ஒப்புதல் தேதியையும் இழப்பீட்டுத் தொகை செலவையும் கேட்கச் சொல்லுங்கள். நெடுஞ்சாலைத் துறை மானியக் கோரிக்கையின்போது வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பில் பாலங்களைப் பற்றிய பகுதி இருக்கும், அதை முதலில் படித்துவிடுங்கள். டெல்லியில் "மாநிலத்துக்குக் கடிதம் எழுதினோம்" என்ற தேதியும், சென்னையில் "வரைபடம் ரயில்வேயிலிருந்து வரவில்லை" என்ற பதிலும் கையில் கிடைத்தால், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே யார் தாமதம் என்று தெரிந்துவிடும்.

எப்போது கொடுப்பது? கேள்விக்குக் குறைந்தது 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும், ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள்தான். இப்போது ரயில்வேக்கு மக்களவையில் புதன், மாநிலங்களவையில் வெள்ளி என்று போகிறது. மக்களவை உறுப்பினர் ஒருவர் பெயரில் ஒரு நாளுக்கு ஐந்து கேள்விகளுக்கு மேல் ஏற்கமாட்டார்கள். எனவே கூட்டத்தொடர் தேதி செய்தியில் வந்த உடனே, முடிந்தால் அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள், நடுவில் போய் நின்றால் இடம் இருக்காது. உங்கள் தொகுதி எம்.பி. மத்திய அமைச்சராக இருந்தால் அவர் கேள்வி கேட்க முடியாது. அசட்டையாக இருந்தாலும் வேறு வழி உண்டு. தமிழ்நாட்டுக்கு மாநிலங்களவையில் 18 பேர் இருக்கிறார்கள், அவர்களில் யார் வேண்டுமானாலும் உங்கள் ஊர்ப் பாலத்தைப் பற்றிக் கேட்கலாம். கேட்க ஆர்வமாக இருக்கும் உறுப்பினர் யார் என்று கண்டுபிடிக்க சன்சத் டாட் இன் தளத்தில் ரயில்வே அமைச்சகத்தைத் தேர்ந்தெடுத்துப் பழைய கேள்விகளைப் புரட்டுங்கள். கேட்டவர் பெயர், பதில், எல்லாம் அங்கேயே இருக்கிறது. உங்கள் பாலத்தைப் பற்றி ஏற்கெனவே யாராவது கேட்டிருக்கவும் கூடும்.

பதில் வந்தபிறகு அதை எப்படி வாசிப்பது என்பதில்தான் பாதி வித்தை. "(அ) முதல் (ஈ) வரை:" என்று எல்லாப் பிரிவுகளையும் ஒன்றாகக் கட்டிப் பதில் வந்தால் பேனாவை எடுத்து ஒவ்வொரு பிரிவுக்கும் நேராகப் பதில் இருக்கிறதா என்று டிக் போட்டுப் பாருங்கள், ஒன்றிரண்டு காணாமல் போயிருக்கும். அடுத்த கூட்டத்தொடரில் விட்டுப்போனதை மட்டும் தனிக் கேள்வியாகக் கேட்கலாம். சொற்களையும் கவனியுங்கள். 2021 ஜூலையில் ஆக்சிஜன் இல்லாமல் இறந்தவர்கள் குறித்து மாநிலங்களவையில் வந்த பதில், மாநிலங்கள் அப்படிக் குறிப்பாக எந்த மரணத்தையும் தெரிவிக்கவில்லை என்பது. மரணமே இல்லை என்று அதில் எங்கும் இல்லை, தெரிவிக்கவில்லை என்றுதான் இருந்தது. ஆனால் நாடு முழுக்கச் செய்தி எப்படிப் பரவியது என்று உங்களுக்கே நினைவிருக்கும். உங்கள் பதிலில் "மாநில அரசிடமிருந்து முன்மொழிவு பெறப்படவில்லை" என்று வந்தால் முன்மொழிவே அனுப்பவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள், நெடுஞ்சாலைத் துறையில் விசாரியுங்கள்.

"தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்" என்றோ "பரிசீலனையில் உள்ளது" என்றோ வந்தால் சோர்ந்துவிட வேண்டாம், எனக்கு அந்தப் பதில் ஒரு வகையில் பிடிக்கும். அது உறுதிமொழிக் கணக்கில் சேரக்கூடியது. அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று 1953 முதல் மக்களவையில் இருக்கிறது. சொன்னதை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அமைச்சகம் குழுவிடம் அவகாசம் கேட்க வேண்டும். எத்தனையோ உறுதிமொழிகள் வருஷக்கணக்கில் இழுபடுகின்றன, அது உண்மைதான். ஆனாலும் ஒரு கோப்பு மூடப்படாமல் அதிகாரிகளை உறுத்திக்கொண்டே இருக்க அது உதவும். பதில் தவறு என்று ஆதாரம் இருந்தால் அதை எம்.பி.யிடம் கொடுங்கள். அவையைத் தெரிந்தே தவறாக வழிநடத்துவது உரிமை மீறல், அதனால் அமைச்சகம் திருத்த அறிக்கை தருவதும் உண்டு.

ஆர்.டி.ஐ. போதாதா என்று கேட்பீர்கள். 10 ரூபாய் கட்டி ஒரு மனு, 30 நாளில் பதில், அதை இன்றைக்கே போட்டுவிடுங்கள், எம்.பி.க்காகக் காத்திருக்க வேண்டாம். வரைபடத்தின் நிலை, கடிதப் போக்குவரத்தின் நகல் எல்லாம் அதில் கேட்கலாம். ஆனால் "ஏன்" என்று கேட்டால் தகவல் அலுவலர் கையை விரிப்பார், அது கோப்பில் இருப்பதைக் கொடுக்கும் சட்டம். ஏன் என்பதற்குப் பொறுப்பேற்றுப் பதில் சொல்ல வேண்டியவர் அமைச்சர். ஆர்.டி.ஐ.யில் வந்த தேதிகளை வைத்துக்கொண்டு கேள்வியை எழுதினால் மழுப்ப இடமே இருக்காது.

கடைசியாக அந்தச் செலவு விஷயம். கேள்வி கேட்க எந்தக் கட்டணமும் கிடையாது, பணம் வாங்கிக்கொண்டு கேட்பது எம்.பி. பதவியையே காவு வாங்கும். 2005 டிசம்பரில் ஒரு ரகசியக் கேமரா நடவடிக்கையில் பணம் வாங்கிக் கேள்வி கேட்க ஒப்புக்கொண்டதாகச் சிக்கிய 11 பேரை, மக்களவையில் பத்துப் பேர், மாநிலங்களவையில் ஒருவர், இரண்டு அவைகளும் வெளியேற்றின. வெளியேற்றியது செல்லும் என்று 2007-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. உங்களிடம் பேசியவர் எம்.பி.யின் ஆள் என்று சொல்லிக்கொண்டாலும் காசு கொடுக்காதீர்கள். பெரும்பாலும் எம்.பி.க்கே தெரியாமல் நடக்கும் வேலையாகத்தான் அது இருக்கும், தெரிந்து நடந்தால் அதைவிட மோசம். தொகுதி அலுவலகத்துக்கு நேரில் போய்க் கடிதத்தையும் கேள்வி வரைவையும் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அதே வரைவை மாநிலங்களவை உறுப்பினர்கள் இரண்டு மூன்று பேருக்கும் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பிவையுங்கள். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், எந்தப் பிரிவைத் தாண்டிக் குதித்திருக்கிறார்கள் என்று சேர்ந்து பார்ப்போம்.